எழுந்து நின்றால் பிள்ளைக்குக் கண் இருட்டுகிறதா? முதல் வாரத்திலிருந்து பள்ளிக்குத் திரும்பும் வரை செய்ய வேண்டியவை

என் மகளுக்கு 13 வயதில் ஒரு வைரஸ் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவளால் நிற்க முடியவில்லை. எழுந்தால் தலை சுற்றல், நெஞ்சு படபடப்பு, கண் இருட்டிக்கொண்டு வரும். குளித்துவிட்டு வந்தால் மறுபடி படுக்கை. படித்தது எதுவும் மண்டையில் ஏறவில்லை என்று அழுவாள்.

இதற்கு ஒரு பெயர் கிடைக்க 14 மாதம் ஆனது. அந்த 14 மாதத்தில் அவளுக்கு எத்தனையோ முறை ரத்த அழுத்தம் பார்த்தார்கள். எல்லாமே நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தது. எல்லாமே சரியாக இருந்தது. கடைசியில் ஒரு மருத்துவர் அவளை 10 நிமிடம் படுக்க வைத்தார், பிறகு 10 நிமிடம் நிற்க வைத்தார். படுத்திருந்தபோது நாடித்துடிப்பு 72. நின்று எட்டாவது நிமிடத்தில் 124. கால்கள் இரண்டும் கருஞ்சிவப்பாகிவிட்டன. அவ்வளவுதான் பரிசோதனை.

அந்த 20 நிமிடத்தை நீங்கள் முதல் மாதத்திலேயே அடைய வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு உப்பு என்பதெல்லாம் உங்கள் பிள்ளையைப் பார்க்கும் மருத்துவர் சொல்ல வேண்டியது. அவரிடம் எப்படிப் போவது, எதைக் கொண்டுபோவது, எதில் நேரமும் பணமும் வீணாகும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் இரண்டு வரி விளக்கம். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், செரிமானம், வியர்வை, உடல் சூடு இவற்றையெல்லாம் நாம் நினைக்காமலேயே நடத்துவது தன்னியக்க நரம்பு மண்டலம். நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கும். உடனே ரத்தக் குழாய்கள் இறுகி அதை மேலே தள்ள வேண்டும். அந்த வேலை சரியாக நடக்காதபோது மூன்று பெயர்களில் ஒன்றை நீங்கள் கேட்கலாம். நாடியும் அழுத்தமும் திடீரென விழுந்து மயக்கம் வருவது வேசோவேகல் மயக்கம். வளரும் பிள்ளைகளிடம் மிகப் பரவலாக இருப்பது இதுதான். நின்றதும் ரத்த அழுத்தம் மட்டும் இறங்குவது ஆர்த்தோஸ்டேட்டிக் ஹைப்போடென்ஷன். அழுத்தம் இறங்காமல் நாடித்துடிப்பு எகிறிக்கொண்டே போவது பாட்ஸ் (POTS); என் மகளுக்குக் கிடைத்த பெயர் இதுதான்.

கைக்குழந்தைகள், சிறு குழந்தைகளின் கதை வேறு. அழுதுகொண்டே மூச்சை நிறுத்தி நீலமாகவோ வெளிறியோ போகிற குழந்தைகள் உண்டு. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை வரும். அதற்கு இரும்புச்சத்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அழுதால் கண்ணீரே வராத குழந்தை, தூக்கத்தில் மூச்சு குறைகிற குழந்தை என்றால் பிறவிக் கோளாறாக இருக்கலாம், நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். கீழே நான் சொல்வது பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு.

1. முதல் நாள்: காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

நோட்டுப் போட்டுக் கவனிப்பதெல்லாம் அப்புறம். கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் இதய மருத்துவரை உடனே பாருங்கள்:

- ஓடும்போது, விளையாடும்போது, நீந்தும்போது மயக்கம்
- படுத்திருக்கும்போதே மயக்கம்
- எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சட்டென விழுவது, அல்லது மயக்கத்துக்கு முன் நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொள்வது
- அலாரம் போன்ற திடீர்ச் சத்தத்தில் மயக்கம்
- குடும்பத்தில் யாராவது இளம் வயதில் காரணம் தெரியாமல் திடீரென இறந்திருப்பது
- விழுந்த பிறகு நெடுநேரம் தெளிவில்லாமல் இருப்பது, நாக்கைக் கடித்திருப்பது

கடைசியானது வலிப்பையும் குறிக்கலாம். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: சாதாரண மயக்கத்திலும் சில வினாடிகள் கைகால் வெட்டும். யாராவது பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டால் அது இன்னும் அதிகமாகும். அதனால் பார்த்தவர்கள் "ஃபிட்ஸ்" என்று சொன்னதை அப்படியே மருத்துவரிடம் சொல்லாதீர்கள். எவ்வளவு நேரம், கண் எப்படி இருந்தது, எழுந்தவுடன் பெயர் சொல்லத் தெரிந்ததா என்று பார்த்ததைச் சொல்லுங்கள். கூட இருக்கும் இன்னொருவர் செல்போனில் படம் பிடித்தால் அதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

2. முதல் இரண்டு வாரம்: ஒரு நோட்டு

நான் ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் எழுதினேன். யாரும் படிக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வரி போதும்: எத்தனை மணிக்கு எழுந்தாள், எப்போது தலை சுற்றியது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள், படுத்ததும் சரியானதா, பள்ளிக்குப் போனாளா. படுத்ததும் சரியானதா என்ற கேள்வி முக்கியம். படுத்தால் சரியாகிறது, நின்றால் திரும்புகிறது என்ற ஒழுங்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பெண் பிள்ளையானால் மாதவிலக்குத் தேதியைக் குறியுங்கள். பலருக்கு அந்த நாட்களில் கூடும். வெந்நீர்க் குளியல், வெயில், வயிறு நிறையச் சாப்பிட்டது, வரிசையில் நின்றது இவையும் பக்கத்தில் இருக்கட்டும். குமட்டல், வயிற்று வலி, தலைவலி, கை கால் சில்லிடுவது, தூக்கம் வராதது எல்லாம் இதோடு சேர்ந்து வரும். வயிற்றுக்கு ஒருவர், தலைவலிக்கு ஒருவர் என்று தனித்தனியாகப் போய் நாங்கள் ஐந்து மாதம் இழந்தோம். எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள்.

3. வீட்டில் படுத்து நின்று அளப்பது

மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இல்லாத பிள்ளைக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும், பக்கத்திலேயே மெத்தையோ நாற்காலியோ இருக்க வேண்டும். மயக்கம் வருகிறது என்று பிள்ளை சொன்ன நொடியில் படுக்க வைத்துவிடுங்கள். பத்து நிமிடத்தை முடிக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். "ஆறாவது நிமிடத்தில் நிறுத்தினோம்" என்பதும் ஒரு முடிவுதான்.

வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று, மேற்கையில் கட்டும் தானியங்கி பிபி மெஷின். பணம் கொடுக்கும் முன் பட்டையின் அளவைப் பாருங்கள். உள்ளே காற்று நிறையும் பையின் அகலம் பிள்ளையின் கைச் சுற்றளவில் 40 சதவீதமும் நீளம் 80 சதவீதமும் இருக்க வேண்டும். பட்டை சிறிதானால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், பெரிதானால் குறைவாகக் காட்டும். ஒல்லியான பிள்ளைக்குப் பெரியவர்கள் பட்டையைக் கட்டி மூன்று மாதம் தப்பான எண்களை எழுதி வைத்திருந்தேன். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இந்தப் பிள்ளைகளிடம் அடிக்கடி ஏமாற்றும், ஏனென்றால் விரல் சில்லிட்டிருக்கும். கைக்கடிகாரத்தின் எண்களை நோட்டில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது மட்டும் போதாது.

செய்யும் முறை:

காலையில் செய்யுங்கள். இந்தக் கோளாறு காலையில்தான் நன்றாக வெளிப்படும். மாலையில் அளந்தால் ஒன்றுமில்லாதது போலத் தெரியலாம். பிள்ளை 10 நிமிடம் பேசாமல் படுத்திருக்கட்டும். ஐந்தாவது, பத்தாவது நிமிடங்களில் நாடியையும் அழுத்தத்தையும் எழுதுங்கள். பிறகு எழுந்து, குதிகால் சுவரிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்படி நின்று, தோளைச் சுவரில் சாய்த்துக்கொள்ளட்டும். நின்ற பிறகு 1, 2, 3, 5, 7, 10 நிமிடங்களில் அளவு எடுங்கள்.

இங்கே இரண்டு பொறி இருக்கிறது. பிள்ளை காலை மாற்றி மாற்றி நின்றால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளிவிடும், எண் நன்றாக வந்துவிடும். அதனால் அசையக் கூடாது, பேசவும் கூடாது. இரண்டாவது, நிற்கும்போது அளக்கும் கை தொங்கக் கூடாது. நெஞ்சு மட்டத்தில் ஏதாவது மேசை மேல் தாங்கி வையுங்கள். தொங்கும் கையில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், உண்மையான இறக்கம் மறைந்துபோகும்.

ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே பிள்ளை என்ன சொன்னாள் என்பதையும் எழுதுங்கள். காலின் நிறம் மாறினால் ஒரு படம் எடுங்கள். மூன்று வெவ்வேறு நாட்களில் செய்தால் போதும், தினமும் வேண்டாம்.

எண்களை எப்படிப் படிப்பது? 12 முதல் 19 வயது வரை, நின்ற 10 நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு படுத்திருந்ததைவிட 40 கூடி, கூடியபடியே நின்றால், அழுத்தமும் இறங்காமல் இருந்தால், தொந்தரவு மூன்று மாதமாவது நீடித்திருந்தால் பாட்ஸ் என்று யோசிப்பார்கள். பெரியவர்களுக்கான அளவு 30. வளரும் பிள்ளைகளுக்கு இயல்பாகவே நாடி கூடுதலாக ஏறும் என்பதால்தான் இந்த வித்தியாசம். பெரியவர்கள் அளவைப் பிடித்துக்கொண்டு பயந்துவிடாதீர்கள். எழுந்த முதல் அரை நிமிடத்தில் வரும் எகிறல் எல்லோருக்கும் வரும், அது கணக்கில் சேராது. மூன்று நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது ஆர்த்தோஸ்டேட்டிக் ஹைப்போடென்ஷன் பக்கம் போகிறது. உங்கள் எண்கள் எந்த வரம்பையும் தொடவில்லை, ஆனாலும் பிள்ளையால் நிற்க முடியவில்லை என்றால் தாளை எடுத்துக்கொண்டு போகத்தான் வேண்டும்.

4. கோப்பு

மேலே ஒரே ஒரு பக்கம், அதற்குக் கீழே மற்றதெல்லாம். அந்த ஒரு பக்கத்தில்: எப்போது தொடங்கியது, அதற்கு முன் காய்ச்சல், தலையில் அடி, நீண்ட படுக்கை, திடீர் உயர வளர்ச்சி ஏதாவது இருந்ததா, எத்தனை முறை முழு மயக்கம், அதிகம் முடக்கும் மூன்று தொந்தரவுகள், எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளும், குடும்பத்தில் மயக்கம், இதய நோய், இளவயது மரணம். மருந்துப் பட்டியலில் எதையும் விடாதீர்கள். கவனக்குறைவுக் கோளாறுக்கு (ADHD) கொடுக்கும் சில மருந்துகளே நாடியை ஏற்றும்.

கீழே வைக்க வேண்டியவை: படுத்து நின்று அளந்த தாள்கள், ஈசிஜி வரைபடத்தின் நகல், ரத்தப் பரிசோதனை முடிவுகள் தேதி வாரியாக, உயரம் எடைப் பதிவு, பள்ளி வருகைப் பதிவு. ஈசிஜிக்கு "நார்மல்" என்ற அறிக்கை மட்டும் போதாது, கோடு போட்ட தாளே வேண்டும். அடுத்த மருத்துவர் தன் கண்ணால் பார்க்கத்தான் விரும்புவார். பள்ளி வருகைப் பதிவு ஏன் என்று தோன்றும். "அடிக்கடி லீவு" என்று சொல்வதற்கும், "கடந்த 90 வேலை நாளில் 41 நாள் போகவில்லை" என்று பள்ளி முத்திரையோடு காட்டுவதற்கும் மருத்துவர் முகத்தில் தெரிந்த வித்தியாசத்தை நான் பார்த்தேன்.

பிள்ளையின் மூட்டுகள் வழக்கத்தைவிட அதிகம் வளையுமா என்பதையும் குறிப்பிடுங்கள். கட்டைவிரல் முன்கையைத் தொடுவது, முழங்கை பின்பக்கம் மடிவது போல. மூட்டு நெகிழ்வு உள்ளவர்களிடம் இந்தக் கோளாறு அடிக்கடி சேர்ந்து காணப்படும்.

5. மருத்துவரைப் பார்ப்பது

முதலில் குழந்தைகள் மருத்துவர். அவர் மூலமாக இதய மருத்துவர், தேவையானால் நரம்பியல் மருத்துவர். தன்னியக்க நரம்புக்கென்றே தனி மருத்துவரைத் தேடி மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட, அக்கறையாகக் கேட்கும் குழந்தைகள் மருத்துவர் ஒருவர் கையில் இருப்பது மேல். ஆரம்ப சிகிச்சையில் பெரும்பகுதி அவரே செய்யக்கூடியதுதான்.

முன்பதிவு செய்யும்போது காலை நேரம் கேளுங்கள். அறைக்குள் போனதும் நோயின் பெயரைச் சொல்லித் தொடங்காதீர்கள். நான் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். இணையத்தில் படித்துவிட்டு வந்தவர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். "படுத்தால் நாடி 72, நின்றால் 124, மூன்று நாளும் இப்படித்தான்" என்று தாளை நீட்டுங்கள். பிறகு ஒரே கோரிக்கை: "இங்கேயே ஒரு முறை படுக்க வைத்து, நிற்க வைத்துப் பார்க்க முடியுமா?" 20 நிமிடம் ஆகும் என்பதால் தயங்குவார்கள். காத்திருக்கும் நேரத்தில் செவிலியர் எடுத்தால் போதும் என்று சொல்லிப் பாருங்கள்.

"பதற்றம்தான், பள்ளிக்குப் போகப் பிடிக்கவில்லை" என்ற பதில் வரலாம். எங்களுக்கு மூன்று இடத்தில் வந்தது. அங்கே சண்டை போட்டுப் பயனில்லை. அமைதியாக இரண்டு கேள்வி கேளுங்கள்: விடுமுறை நாளிலும், அவளுக்குப் பிடித்த இடத்துக்குப் போனாலும் இதே மாதிரி வருகிறதே, ஏன்? படுத்தவுடன் சரியாகிறதே, ஏன்? அதே சமயம், ஒரு வருடம் யாரும் நம்பாத பிள்ளைக்கு மனச்சோர்வும் பயமும் வரத்தான் செய்யும். மனநல ஆலோசகர் என்றதும் மறுத்துவிடாதீர்கள். உடம்புக்கான பரிசோதனையும் நடக்கட்டும், அதுவும் நடக்கட்டும்.

6. பரிசோதனைகள்: எதற்கு முதலில் பணம்

நாங்கள் தலைகீழாகச் செய்தோம். முதலில் மூளை ஸ்கேன், அப்புறம் மூளை அலைப் பதிவு, அப்புறம் வயிற்றுக்கு எண்டோஸ்கோபி. கடைசியில்தான் யாரோ ஃபெரிட்டின் பார்த்தார்கள்.

செலவு குறைந்தவை முதலில்: 12 லீட் ஈசிஜி, முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டு, சோடியம் பொட்டாசியம், சிறுநீரகச் செயல்பாடு, சர்க்கரை, வைட்டமின் பி12. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்பதால் இரும்பு சரியாக இருப்பதாக எண்ண வேண்டாம்; சேமிப்பு இரும்பைக் காட்டுவது ஃபெரிட்டின், அதைத் தனியாகக் கேட்க வேண்டும். எடை குறைந்து, தோல் கருத்து, உப்புக்காக ஏங்கும் பிள்ளையானால் காலை நேரத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைப் பார்ப்பது பற்றிக் கேளுங்கள், அட்ரீனல் சுரப்பிக் குறைபாடும் இதே போல நடிக்கும். ஒரே ரத்த எடுப்பில் இவையெல்லாம் முடியும்படி பட்டியலை முன்கூட்டியே பேசிக்கொண்டால் பிள்ளைக்கு ஊசி ஒன்று, உங்களுக்குப் பயணம் ஒன்று.

அடுத்த படியில் எக்கோ (இதய ஸ்கேன்), 24 மணி நேர ஹோல்டர் (உடம்பில் மாட்டி இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதியும் கருவி). ஹோல்டர் மாட்டும் நாளில் பிள்ளையைப் படுக்கையிலேயே வைத்திருக்காதீர்கள். வழக்கமான நாள் போல நடக்க வேண்டும், தொந்தரவு வந்த நேரத்தை எழுத வேண்டும். நேரம் குறிக்காத ஹோல்டர் பாதிக் காசு வீண்.

விலை அதிகமான எதற்கும் முன்பும் நான் இப்போது ஒன்று கேட்கிறேன்: "இதன் முடிவு எப்படி வந்தால் சிகிச்சை மாறும்?" தெளிவான பதில் வந்தால் செய்துவிடுவோம். மருத்துவக் காப்பீடு இருந்தால் முன் அனுமதி வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

7. டில்ட் டேபிள் சொன்னால்

எல்லோருக்கும் தேவைப்படாது. நின்று அளந்ததிலேயே தெளிவாகிவிட்டால் பல மருத்துவர்கள் இதைக் கேட்பதில்லை. சாய்வு மேசையில் படுக்க வைத்து, பட்டைகளால் கட்டி, 60 முதல் 80 பாகை வரை நிமிர்த்தி, நாடியையும் அழுத்தத்தையும் தொடர்ந்து பார்ப்பார்கள். தயாரிப்பு உட்பட ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

முன்பே கேட்க வேண்டியவை: எத்தனை மணி நேரம் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாமா, எந்த மருந்தை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், நாடியைக் குறைக்கும் ப்ரொப்ரனலால் போன்றவற்றைச் சட்டென நிறுத்துவது ஆபத்து. முந்தைய நாட்களில் உப்பும் தண்ணீரும் வழக்கத்தைவிட ஏற்றினால் முடிவு நன்றாக வந்து ஏமாற்றும். அந்த வாரம் எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள்: "உனக்கு வீட்டில் வருவது அங்கேயும் வரும், அதைப் பார்க்கத்தான் போகிறோம், மயங்கினால் உடனே படுக்க வைத்துவிடுவார்கள்." எதுவும் ஆகாது என்று சொல்லி அழைத்துப்போனால் அடுத்த பரிசோதனைக்கு வரமாட்டாள். மறுநாள் தேர்வு இருக்கக் கூடாது, அன்று முழுக்க அடித்துப்போட்டது போல இருப்பாள்.

8. பெயர் கிடைத்த பிறகு: முதல் ஆறு வாரம்

மாத்திரை எழுதித் தருவார்கள் என்று எதிர்பார்த்துப் போய் "தண்ணீர் குடி, உப்பு சேர்" என்று கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதுதான் அடித்தளம், அதைச் சரியாகச் செய்யாத வீட்டில் மாத்திரையும் வேலை செய்யாது.

தண்ணீர். பதின்ம வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் நாளுக்கு 2 முதல் 3 லிட்டர் சொல்வார்கள். மாலையில் நினைவு வந்து மொத்தமாகக் குடிப்பது பயனில்லை. படுக்கை அருகே ஒரு பாட்டில் வைத்து, எழுவதற்கு முன்பே 400 மில்லி குடித்து, கால் மணி நேரம் கழித்து எழச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் முதலில் பலன் தெரிந்தது இதில்தான்.

உப்பின் அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறோ உயர் ரத்த அழுத்தமோ இருக்கும் பிள்ளைக்கு இது பொருந்தாது. உப்பு மாத்திரை வெறும் வயிற்றில் குமட்டும், சாப்பாட்டோடு கொடுங்கள்.

அழுத்தக் காலுறை. முழங்கால் வரை உள்ளதை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள், ரத்தம் அதிகம் தேங்குவது வயிற்றிலும் தொடையிலும். இடுப்பு வரை வருவது அல்லது வயிற்றுப் பட்டை வேண்டும். தொடக்கத்துக்கு 20 முதல் 30 எம்எம் அழுத்தம் வழக்கம். காலையில் கால் வீங்கும் முன் அளவு எடுங்கள். என் மகள் காலுறையைத் தொடவே மாட்டேன் என்றாள். உடைக்குள் மறைந்திருக்கும் வயிற்றுப் பட்டையை ஏற்றுக்கொண்டாள். அணியாமல் அலமாரியில் கிடப்பதைவிட அது மேல்.

குளிக்கும்போது முக்காலி, வெதுவெதுப்பான நீர். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து 10 முதல் 15 சென்டிமீட்டர் உயர்த்தலாம். தலையணையை அடுக்குவது இதற்கு ஈடாகாது, உடம்பு முழுதும் சாய்வாக இருக்க வேண்டும்.

கண் இருட்ட ஆரம்பித்தால் செய்ய வேண்டியதை வீட்டிலேயே பழக்கிவிடுங்கள்: காலைக் குறுக்கே போட்டு தொடையையும் பிட்டத்தையும் இறுக்குவது, முஷ்டியை மடக்குவது, முடிந்தால் குந்துவது, அதற்கும் கேட்காவிட்டால் எங்கே இருந்தாலும் படுத்துவிடுவது. வெட்கப்பட்டு நின்றுகொண்டிருந்ததால்தான் என் மகள் ஒரு முறை தாடையில் தையல் போட்டுக்கொண்டாள்.

பகல் முழுக்கப் படுக்கையில் இருக்க விடாதீர்கள். படுத்தே கிடந்தால் உடலில் ரத்தத்தின் அளவே குறைகிறது, நிற்பது இன்னும் கடினமாகிறது. முடியாத நாளில் சாய்வாகவாவது உட்காரட்டும்.

9. உடற்பயிற்சி: மூன்று மாதக் கணக்கு

நின்று செய்வதில் தொடங்கினால் இரண்டாம் நாளே விட்டுவிடுவார்கள். படுத்தபடி காலைத் தூக்குவது, சாய்ந்து ஓட்டும் சைக்கிள், துடுப்பு இயந்திரம், கூட ஆள் இருக்க நீச்சல். ஐந்து நிமிடம், வாரம் மூன்று நாள் என்று ஆரம்பித்து மெல்லக் கூட்டுங்கள். முதல் மாதம் சோர்வு கூடும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சிறிது உழைத்தாலும் மறுநாளிலிருந்து பல நாள் எழ முடியாமல் விழுந்துவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைத் தள்ளித் தள்ளிச் செய்ய வைத்தால் மோசமாகும். அப்படித் தெரிந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர்களுக்கு வழி வேறு.

10. மருந்து எழுதினால் கேட்க வேண்டியவை

உடலில் உப்பையும் நீரையும் தக்கவைக்கும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் என்றால் பொட்டாசியம் எப்போது பார்க்க வேண்டும்? ரத்தக் குழாய்களை இறுக்கும் மிடோட்ரின் என்றால் கடைசி வேளை எத்தனை மணிக்கு? அதைப் போட்ட நான்கு மணி நேரத்துக்குள் படுக்கக் கூடாது, படுத்தால் அழுத்தம் ஏறும்; தலையில் ஊறுவது போல, புல்லரிப்பது போல இருப்பது அதன் வழக்கமான பக்கவிளைவு. ப்ரொப்ரனலால் என்றால் ஆஸ்துமா இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மருந்து மட்டும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு ஒன்றாகத் தொடங்கினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

11. பள்ளிக்கான கடிதம்

"மாணவிக்கு உடல்நலக் குறைவு, ஒத்துழைக்கவும்" என்று ஒரு வரிக் கடிதம் வாங்கிப் போனோம். பள்ளியில் அதைக் கோப்பில் வைத்துவிட்டு, மறுநாள் காலைக் கூட்டத்தில் வெயிலில் நிற்க வைத்தார்கள். ஆகவே வரைவை நீங்களே எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் திருத்திக் கையெழுத்து வாங்குங்கள். அவருக்கும் நேரம் மிச்சம். இருக்க வேண்டியவை:

- நோயின் பெயர், நிற்கும்போது என்ன ஆகும் என்று இரண்டு வரி
- மேசையில் தண்ணீர் பாட்டில், கேட்காமலேயே கழிப்பறைக்குப் போக அனுமதி
- காலைக் கூட்டத்திலும் வரிசையிலும் உட்கார அனுமதி, லிஃப்ட் இருந்தால் பயன்படுத்த அனுமதி
- உடற்கல்வியில் தன் வேகத்தில் பங்கேற்பு, முழு விலக்கு வேண்டாம்
- மோசமான நாட்களில் முதல் பாடவேளைக்குத் தாமதமாக வர அனுமதி
- தேர்வில் கூடுதல் நேரம், நடுவில் இடைவேளை
- மயங்கினால் படுக்க வைத்துக் காலை உயர்த்தவும், தூக்கி நிறுத்த வேண்டாம். இரண்டு நிமிடத்தில் தெளியாவிட்டாலோ தலையில் அடிபட்டாலோ ஆம்புலன்ஸ்

தேர்வுச் சலுகைக்குத் தேர்வு வாரியத்தின் அனுமதி வேண்டியிருந்தால் அதற்குத் தனி விண்ணப்பமும் கடைசித் தேதியும் இருக்கும். கல்வியாண்டின் தொடக்கத்திலேயே அந்தத் தேதியைக் கேட்டு எழுதி வையுங்கள். கடிதத்தை ஒவ்வொரு ஆண்டும் புதுப்பியுங்கள், பழைய தேதியைக் காரணம் காட்டித்தான் எங்களுடையதை ஒரு முறை திருப்பினார்கள். நகலில் பள்ளியின் பெறுதல் முத்திரை இருக்கட்டும்.

திரும்பும் வேகத்தைப் பிள்ளையின் உடம்புதான் முடிவு செய்யும். நாங்கள் தினம் இரண்டு பாடவேளையில் தொடங்கினோம். முழு நாளுக்கு வர ஐந்து மாதம் ஆனது.

12. அடுத்த சந்திப்புகள்

தண்ணீர், உப்புக்கு ஆறு வாரம், பயிற்சிக்கு மூன்று மாதம் கொடுத்துவிட்டு, அதே காலை நேரம், அதே சுவர், அதே மெஷினோடு படுத்து நின்று அளந்து புதிய தாளைக் கொண்டுபோங்கள். பிள்ளை வளர்ந்திருந்தால் பட்டை அளவை மறுபடி பாருங்கள். காய்ச்சல், வெயில் காலம், திடீர் உயரம் வந்தால் சில வாரம் பின்னடைவு இருக்கும். பழையபடி முதலிலிருந்து எல்லாப் பரிசோதனையும் செய்யத் தேவையில்லை, தண்ணீரையும் பயிற்சியையும் சரிபார்த்துவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். வயது ஏற ஏறப் பல பிள்ளைகளுக்கு நன்றாகவே குறைகிறது.

16 வயதில் பெரியவர்கள் பிரிவுக்கு எப்போது மாற்றுவார்கள் என்று கேளுங்கள். சில இடங்களில் அங்கே இடம் கிடைக்கவே ஒரு வருடம் ஆகும். அந்த வயதிலிருந்து கோப்பைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள். என் மகள் இப்போது அறைக்குள் போனதும் அவளே தாளை எடுத்து நீட்டி எண்களைச் சொல்கிறாள். மருத்துவர் என்னைப் பார்த்தால் நான் அவளைக் கை காட்டுகிறேன்.